பனியிற் பிழைத்த நாடகம்

நெல் வணிகர் இன்று விலைபோகாத மூட்டையை நாளைக்கு வைத்திருந்து விற்கலாம். துணி வணிகரும் அவ்வாறே செய்யலாம். நாடகம் நடத்துவோர்க்கு அவ்வசதி இல்லை. செவ்வாய்க்கிழமை இரவு வெறுமையாய்க் கிடந்த இருக்கையைப் புதன்கிழமை விற்க இயலாது. திரை விழுந்ததும் அதன் விலையும் போயிற்று. நடிகரின் ஊதியம், அரங்கின் வாடகை, விளக்கிற்கும் விளம்பரத்திற்கும் ஆகும் செலவு ஆகியவை அவை நிரம்பிய நாளிலும் நிரம்பாத நாளிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆதலால், தொடர்ந்து சில வாரங்கள் நுழைவுச்சீட்டு விற்காவிடின், எத்துணைச் சிறந்த நாடகமும் மூடப்பட்டுவிடும்.

இவ்விற்பனையைப் பருவம் ஒரு பக்கம் ஆட்டிவைக்கும். குளிரூட்டும் பொறிகள் வருமுன்னர், நியூயார்க்கு நகரத்து நாடக அரங்குகள் பல கோடை முழுதும் அடைத்தே கிடந்தன. கிறித்துமசு விடுமுறைக் கூட்டம் கலைந்தபின், சனவரி, பிப்பிரவரி மாதங்களில் அங்கே விற்பனை தளர்வது இன்றும் உள்ள வழக்கம். அத்தளர்ச்சியைத் தாங்குவதற்காகவே, ஒரு சீட்டின் விலைக்கு இரண்டு சீட்டுகள் தரும் திட்டமொன்று 2011ஆம் ஆண்டில் அந்நகரில் தொடங்கப்பெற்றது. மற்றொரு பக்கம் ஆட்டிவைப்பது நாளிதழ் மதிப்புரை. முதல் ஆட்டத்தைக் கண்ட மதிப்புரையாளர் நள்ளிரவுக்குள் எழுதிக் கொடுப்பதை மறுநாட் காலையில் ஊரே படிக்கும். பருவம் பகையாகி நிற்க, மதிப்புரை துணையாகி வந்த ஒரு நாடகத்தின் வரலாறு கேட்கத்தக்கது.

அமெரிக்க நாட்டில் மிச்சிகன் ஏரியின் கரையில் அமைந்த பெருநகரம் சிக்காகோ. குளிர்காலத்தில் ஏரியின் மீதிருந்து வீசும் காற்று எலும்பை நடுக்கும். அந்நகரின் சிவிக் நாடக அரங்கில், 1944ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இரவு, ஒரு புதிய நாடகம் முதன்முறையாக மேடையேறியது. அதன் பெயர் 'கிளாஸ் மெனாஜரி'. கண்ணாடியாற் செய்த விலங்குப் பொம்மைகளின் தொகுதி என்பது பொருள். எழுதியவர் டென்னசி வில்லியம்ஸ். அப்போது அவருக்கு வயது முப்பத்துமூன்று, பெயர் பெறாதவர். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1940ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில், பாஸ்டன் நகரில் அரங்கேறிய அவருடைய நாடகம் ஒன்று பெருந்தோல்வியுற்று, இரண்டு வாரங்களில் நின்றுபோயிற்று.

புதிய நாடகத்தில் அவர் தம் வீட்டுத் துயரையே எழுதியிருந்தார். கணவனால் கைவிடப்பட்ட தாய் ஒருத்தி. காலணிக் கிடங்கில் வேலை செய்துகொண்டே கவிதை எழுதும் மகன். கால் ஊனமுற்று, நாணத்தால் வெளியுலகை அஞ்சி, கண்ணாடிப் பொம்மைகளோடு காலங்கழிக்கும் மகள். வில்லியம்ஸ் காலணி நிறுவனத்தில் வேலை செய்து வாடியவரே. அவருடைய தமக்கை ரோஸ் மனநோயுற்று, 1943இல் மூளையில் அறுவை செய்யப்பெற்று, அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பாதவராய் இருந்தார். இத்தகைய துயர நாடகத்தை, கிறித்துமசு கொண்டாடி முடித்த மறுநாள், உறைபனியில், போர் நடக்குங் காலத்தில், பணங்கொடுத்துக் காண வருவோர் யார்?

தாயாக நடித்தவர் லாரெட் டெய்லர் என்னும் அம்மையார். 1912இல் 'பெக் ஓ மை ஹார்ட்' என்னும் நாடகத்தால் நாடெங்கும் புகழ் பெற்றவர். அந்நாடகத்தை எழுதியவரும் அவர் கணவரே. அவர் 1928இல் இறந்தபின் அம்மையார் குடிக்கு ஆளாகி, மேடையை விட்டுப் பல்லாண்டுகள் ஒதுங்கி வாழ்ந்தார். ஒத்திகையில் அவர் தம் உரைகளை வாய்க்குள்ளேயே முணுமுணுத்ததைக் கண்டு, உடன் நடித்தவர்களும் பொருள் முதலிட்டோரும் அஞ்சினர். 'மகிழ்ச்சியான முடிவாக மாற்றுங்கள்' என்று முதலிட்டோர் தரப்பில் வற்புறுத்தலும் எழுந்தது. வில்லியம்ஸ் இசையவில்லை. முதற்பொருளை இழந்துவிடுவோமோ என்று அஞ்சுவோர் கதையின் முடிவில் கைவைப்பது எந்நாட்டிலும் காணப்படும் இயல்பு போலும்.

முதல் இரவு ஆட்டம் நடந்தது. முணுமுணுத்த அம்மையார் மேடையில் வேறொருவராய் விளங்கினார். ஆயினும் அதைக் காண வந்தோர் தொகை சிறிது. அடுத்த நாட்களிலும் சீட்டு விற்குமிடத்தில் கூட்டம் இல்லை. நாடகத்தை நிறுத்திவிடலாம் என்னும் பேச்சு எழுந்தது.

அந்நகரில் மதிப்புரையாளர் இருவர் இருந்தனர். ஒருவர் 'சிக்காகோ டிரிபியூன்' இதழின் கிளாடியா காசிடி அம்மையார். மற்றவர் வேறொரு நாளிதழில் எழுதிய ஆஷ்டன் ஸ்டீவன்ஸ் என்னும் முதியவர். காசிடி எளிதிற் புகழாதவர். அவருடைய எழுத்தின் கடுமையை அஞ்சாத நடிகரும் பாடகரும் அந்நகரில் அரியர். அத்தகையவர் இந்நாடகத்தை மனந்திறந்து பாராட்டினார், ஸ்டீவன்சும் பாராட்டினார். எதையும் புகழும் நாவின் புகழ்ச்சிக்கு விலை இல்லை. கடிந்து எழுதுபவர் ஒன்றைப் 'போய்ப் பாருங்கள்' என்றால், ஊர் சற்றே நின்று கேட்கும்.

ஆனால் ஒரு நாள் மதிப்புரையால் அரங்கு நிரம்பிவிடவில்லை. நல்லுரை படித்தவுடனே கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு பனியிற் புறப்படுவோர் சிலரே. இங்கேதான் அவ்விருவரும் பிறர் செய்யாததைச் செய்தனர். மீண்டும் மீண்டும் அரங்கிற்குச் சென்று நாடகத்தைக் கண்டனர்; மீண்டும் மீண்டும் எழுதினர். மதிப்புரை எழுதுவோர் ஒரு நாடகத்தைப் பற்றி ஒருமுறை எழுதிவிட்டு அடுத்ததற்குச் செல்வதே முறை. இவர்களோ அந்நாடகம் சாகாதிருக்கக் காவல் இருந்தவர் போல் இருந்தனர். இது மதிப்புரையாளர் கடமையின் எல்லையைக் கடந்தது என்று கூறுவாரும் இருக்கலாம். அவ்வெல்லைக்குள் அவர்கள் நின்றிருந்தால் நாடகம் நின்றிருக்கும்.

நல்லுரை இருந்தால் மட்டும் போதாது. அது காலத்தே வருதல் வேண்டும் என்பதற்கு இலண்டனில் நிகழ்ந்த ஒன்று சான்று. 1958ஆம் ஆண்டு மே 19ஆம் நாள், ஹாமர்ஸ்மித் லிரிக் அரங்கில், ஹெரால்டு பின்டர் என்னும் இளைஞரின் 'பர்த்டே பார்ட்டி' நாடகம் தொடங்கியது. நாளிதழ்கள் இகழ்ந்தன. வியாழக்கிழமைப் பகலாட்டத்திற்கு வந்தோர் ஆறு பேர் என்று பின்டரே பின்னாளிற் கூறினார். சனிக்கிழமையோடு நாடகம் மூடப்பட்டது. மறுநாள் ஞாயிறன்று, 'சண்டே டைம்ஸ்' இதழில் ஹெரால்டு ஹாப்சன் என்னும் மதிப்புரையாளர் அதனை வியந்து எழுதியிருந்தார். படித்தவர் சென்று காண்பதற்கு அரங்கில் நாடகம் இல்லை. அவ்விளைஞரே 2005இல் நோபல் பரிசு பெற்றார் என்பது வேறு கதை. அந்த ஒரு வாரத்து இழப்பை அப்பரிசு ஈடு செய்ததா என்பதை அவ்வரங்கிற்குப் பொருள் செலவிட்டோரைத்தான் கேட்க வேண்டும்.

சிக்காகோவில் காலம் கைகொடுத்தது. முதல் வாரத்திற்குப்பின் கூட்டம் சிறிது சிறிதாகப் பெருகியது. கண்டவர் காணாதவரிடம் கூறினர். நியூயார்க்கிற்கும் கலிபோர்னியாவிற்கும் இடையே தொடர்வண்டியிற் செல்வோர் அந்நாளில் சிக்காகோவில் இறங்கி வண்டி மாறவேண்டும். அவ்வாறு இறங்கிய நாடகக்காரரும் திரைப்படக்காரரும் தங்கி, நாடகத்தைக் கண்டு, அதன் புகழை இரு கரைகளுக்கும் எடுத்துச் சென்றனர். சனவரி நடுவில் இடம் கிடைப்பதே அரிதாயிற்று. பனி அப்போதும் பெய்துகொண்டுதான் இருந்தது.

மதிப்புரையே அனைத்தும் என்று கொள்வதும் பொருந்தாது. 1922ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், கோடை தொடங்கும் வேளையில், ஆன் நிக்கல்ஸ் என்னும் அம்மையார் எழுதிய 'ஏபீஸ் ஐரிஷ் ரோஸ்' நாடகம் நியூயார்க்கில் அரங்கேறியது. யூத இளைஞன் ஐரிஷ் பெண்ணை மணப்பதால் எழும் குழப்பங்களைச் சொல்லும் நகை நாடகம் அது. ராபர்ட் பெஞ்ச்லி என்னும் எழுத்தாளர் 'லைப்' வார இதழில் வாரந்தோறும் ஒரு வரி எழுதி அதனை எள்ளினார். நாடகமோ குறைந்த விலைச் சீட்டுகளைக் கொண்டு கோடையைக் கடந்தது. ஐந்தாண்டுகளுக்கு மேல் நடந்து, 2,327 ஆட்டங்களைக் கண்டது. வாரந்தோறும் புதிதாக ஏசுவதற்குச் சொல் தேடிய பெஞ்ச்லிதான் களைத்திருப்பார். நகைச்சுவைக்குத் தாமே வருவோர் உண்டு. துயர நாடகத்திற்கு அழைத்து வருவோர் வேண்டும்.

சிக்காகோவில் மார்ச்சு மாதம் வரை நடந்தபின், 'கிளாஸ் மெனாஜரி' 1945ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் நியூயார்க்கின் பிளேஹவுஸ் அரங்கிற்கு வந்தது. முதல் இரவில், திரை விழுந்தபின் இருபது முறைக்கு மேலாக நடிகர்களை மீண்டும் மீண்டும் மேடைக்கு அழைத்து அவையோர் கைதட்டினர். அடுத்த மாதமே நியூயார்க்கு நாடக மதிப்புரையாளர் வட்டத்தின் பரிசு கிடைத்தது. வில்லியம்ஸ் அந்நாடகத்தால் தமக்கு வரும் உரிமைத் தொகையிற் பாதியைத் தம் அன்னைக்கு எழுதி வைத்தார். ஆகவே அவ்வரங்கில் விற்ற ஒவ்வொரு சீட்டும், கைவிடப்பட்ட தாயாக மேடையிற் காட்டப்பெற்ற அன்னைக்கே ஊதியமாயிற்று.

மற்ற நாடகங்கள் வாடும் கோடையிலும் அது வாடவில்லை. 563 ஆட்டங்கள் நடந்து, 1946 ஆகஸ்டில் நிறைவுற்றது. அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் நாள் லாரெட் டெய்லர் காலமானார். சிக்காகோவில் அந்த முதல் வாரத்திலேயே நாடகத்தை நிறுத்தியிருந்தால், நியூயார்க்கு மக்கள் அவரை அத்தாய் வேடத்திற் கண்டிருக்க மாட்டார்கள்.