மைனஸ் ஒன்று

என் பெயர் பொறித்த கிரெடிட் கார்டு ஒன்று பல வருஷம் என் கைப்பையில் இருந்தது. ஜவுளிக்கடை, மருந்துக்கடை, மகளின் கல்லூரிக் கட்டணம் என்று அதை நன்றாகவே தேய்த்திருக்கிறேன். பில்லை என் வீட்டுக்காரர் தேதி தவறாமல் கட்டிவிடுவார். ஆகவே கடன் விஷயத்தில் எனக்கு நல்ல பெயர் இருக்கும் என்று நம்பினேன் என்று எழுதலாம். ஆனால் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை என்பதுதான் உண்மை. வெளிக் கணக்கெல்லாம் அவர் பாடு என்று விட்டிருந்தேன். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சப்படத்தான் வேண்டும்.

திருச்சியில், திருவெறும்பூர் பக்கம், என் பெயரில் ஒரு மனை கிடந்தது. அதில் வீடு கட்டலாம் என்று பேச்சு வந்தபோது வீட்டுக்காரருக்கு ஓய்வு பெற நாலு வருஷம்தான் பாக்கி. எனக்கு அரசு உதவிபெறும் பள்ளியில் வேலை. 60 வயது வரை சர்வீஸ். அதனால் கடனை என் பெயரில் போட்டால்தான் 15 வருஷத் தவணை கிடைக்கும் என்றார்கள். என் பான் எண்ணை வாங்கித் தட்டிப் பார்த்த வங்கி அதிகாரி சின்னப் பெண்தான். திரையை என் பக்கம் திருப்பினாள். "டீச்சர், உங்களுக்கு ஸ்கோரே வரலை. மைனஸ் ஒன்னு காட்டுது."

சிபில் ஸ்கோர் 300-இலிருந்து 900 வரை போகும். அதில் மைனஸ் 1 எங்கே வந்தது? பூஜ்யத்துக்கும் இடப்பக்கம் போகும்படி நான் அப்படி என்ன செய்துவிட்டேன் என்று எனக்குச் சுருக்கென்றது. அது மதிப்பெண்ணே இல்லை, இவருக்குக் கடன் வரலாறு கிடையாது என்பதற்கான குறியீடு என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். என் கையில் இருந்தது ஆட்-ஆன் கார்டு. கார்டின் சொந்தக்காரர் என் வீட்டுக்காரர். நான் வாங்கிய ஒவ்வொரு புடவையும், அவர் தேதியில் கட்டிய ஒவ்வொரு பில்லும், அவர் பெயருக்குத்தான் வரவு.

நான் விடவில்லை. கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் வாங்கி, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து அடைத்திருக்கிறேனே? அது அங்கே ஏறியிருக்கவில்லை. தெருவில் ஒரு அக்கா நடத்தும் ஏலச்சீட்டில் ஒரு மாதம்கூடப் பிந்தியதில்லையே? அடகுக்கடையில் வைத்த வளையலை வட்டியோடு மீட்டிருக்கிறேனே? எல்.ஐ.சி. பிரீமியம்? கரண்ட் பில்? வங்கியில் கிடக்கும் டெபாசிட்? எதுவும் அந்த ஏட்டில் இல்லை.

பிறகு உட்கார்ந்து படித்தேன். சிபில் நிறுவனம் தொடங்கியது 2000-இல். இத்தகைய நிறுவனங்களுக்கான சட்டம் 2005-இல் வந்தது. இன்றைக்கு சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று நாலு நிறுவனங்கள் நம் கடன் கணக்குகளைத் திரட்டி வைத்திருக்கின்றன. அவற்றுக்கு விவரம் தருபவை வங்கிகளும் நிதி நிறுவனங்களும். அவை தராத எதுவும் அங்கே நடந்ததாகவே கணக்கில்லை. நாம் எவ்வளவு சேமித்தோம், எவ்வளவு சம்பாதிக்கிறோம் என்பதற்கு ஸ்கோரில் இடம் இல்லை. கடன் வாங்கினாயா, சொன்ன தேதியில் கட்டினாயா, எத்தனை கடன், எத்தனை நாளாக, எத்தனை இடத்தில் கேட்டாய் என்பதுதான் அதன் கேள்வித்தாள். கடனே வாங்காமல் வாழ்வது பெருமை என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட வீட்டிலிருந்து வந்தவளுக்கு இது கொஞ்சம் அநியாயமாகவே பட்டது. இன்றும் படுகிறது.

வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கும் அறிவுரை. அந்தப் பெண்ணும் திருப்பி அனுப்பவில்லை. "சாரைக் கோ-அப்ளிகன்ட்டாப் போட்டுக்கலாம். வட்டி மட்டும் அரை சதவீதம் கூட வரும்" என்றாள். அரை சதவீதம்தானே என்று வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். நான் அங்கேயே கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். 25 லட்சம், 15 வருஷம். எட்டரை சதவீதம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 24,620 ரூபாய். ஒன்பது சதவீதம் என்றால் 25,357. கடைசி வரை சேர்த்தால் 1 லட்சத்து 32 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம். சமையலறைக்கு டைல்ஸ், அலமாரி எல்லாம் அந்தக் காசில் முடிந்துவிடும்.

சரி, சாரின் ஸ்கோரையும் பார்த்துவிடுவோம் என்றாள்.

அங்கேதான் விஷயமே. அவருடைய அறிக்கை முழுசாக வந்தது. அவருடைய கார்டுக் கணக்குக்குக் கீழே மாதவாரியாகக் கட்டங்கள், எல்லாவற்றிலும் 000. ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை என்று அதற்கு அர்த்தம். அப்புறம் எங்கள் பழைய பைக் கடன், முடிந்தது. அதற்கும் கீழே எனக்குத் தெரியாத ஒரு தனிநபர் கடன். உரிமை என்ற இடத்தில் 'ஜாமீன்தாரர்' என்றிருந்தது. கட்டங்களில் 000 கொஞ்ச தூரம் ஓடி, பிறகு 030, 060, 091 என்று போயிருந்தது. அத்தனை நாள் தவணை நிலுவை.

அவருடைய அலுவலக நண்பருக்காகப் போட்ட கையெழுத்து. என்னிடம் சொல்லவே இல்லை. "சும்மா ஒரு சாட்சி கையெழுத்து மாதிரிதான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். ஜாமீன் கையெழுத்துக்கும் சாட்சிக் கையெழுத்துக்கும் உள்ள தூரம் அந்தக் கட்டங்களில் அச்சாகி எங்கள் முன்னால் இருந்தது. கடன்காரர் கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவரிடம் வங்கி கேட்கலாம். கேட்பதற்கு முன்பே அவர் அறிக்கையில் அது ஏறிவிடுகிறது. நண்பர் தவணையை விடுவது வீட்டுக்காரருக்கே தெரியாது. வங்கிகளின் கணினிகளுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மனைவிக்குத் தெரியாமல் கணவர் என்னென்ன செய்யலாம் என்று தொடர்களில் காட்டுகிறார்கள். ஜாமீன் கையெழுத்தை யாரும் காட்டுவதில்லை. எனக்குக் கோபத்தைவிட வேறொன்றுதான் அதிகம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு சின்னத் திருப்தி. மைனஸ் ஒன்று என்று கேட்டபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடியதை நான் பார்த்திருந்தேன்.

வீடு கட்டுவதை ஒரு வருஷம் தள்ளிப்போட்டோம். அவர் நண்பரைத் துரத்தட்டும், நான் எனக்கென்று ஒரு வரலாற்றைத் தேடிக்கொள்கிறேன் என்று ஏற்பாடு.

கார்டு தேர்ந்தெடுக்கப் போனால், எல்லாரும் விற்பது கனவு. பெரிய கடைகளின் வாசலில் மேசை போட்டு நிற்கும் பையன்கள் விமான நிலைய லவுஞ்ச் பற்றிச் சொல்கிறார்கள். நான் போகும் ஊர்களுக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போதும். ரிவார்டு பாயின்ட் என்றார்கள். மாதம் 8,000 ரூபாய் செலவழித்து ஒரு சதவீதம் திரும்பக் கிடைத்தால் வருஷத்துக்கு 960 ரூபாய். வருடக் கட்டணம் 999, அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்றால் 1,179. பாயின்ட் சேர்ப்பதற்காக நான் 219 ரூபாய் நஷ்டப்பட வேண்டும். இந்தக் கணக்கைச் சொன்னதும் அந்தப் பையன் சிரித்துவிட்டு அடுத்த ஆளைப் பிடிக்கப் போனான். அவனிடம் விண்ணப்பித்திருந்தாலும் சும்மா போகாது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி நம் அறிக்கையை எடுத்துப் பார்க்கும், பார்த்ததும் பதிவாகும். குறுகிய காலத்தில் நாலு இடத்தில் கேட்டால், இவருக்குப் பணமுடை போலிருக்கிறது என்று ஸ்கோர் இறங்கும். நம் அறிக்கையை நாமே பார்த்தால் ஒன்றும் குறையாது.

கடைசியில் நான் வாங்கியது பளபளப்பே இல்லாத கார்டு. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே 50,000 ரூபாய் டெபாசிட் போட்டு, அதை ஈடாக வைத்து, 45,000 லிமிட்டில் எடுத்தேன். வருடக் கட்டணம் கிடையாது. டெபாசிட்டுக்கு வட்டி அதுபாட்டுக்கு ஓடும். நான் கட்டாவிட்டால் வங்கி அதில் கை வைத்துக்கொள்ளும். வரலாறு இல்லாதவருக்கு வங்கி தயங்காமல் கொடுக்கக்கூடியது இதுதான். ரூபே கார்டாகக் கேட்டு வாங்கினேன். 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துக்கொள்ள முடிகிறது. கடைக்குக் கொடுக்கலாம், தனி ஆளுக்கு அனுப்ப முடியாது. காந்தி மார்க்கெட்டில் ஸ்கேன் பண்ணிக் காய் வாங்கினேன். கையில் காசு இருக்கும்போதே கடனுக்குத் தேங்காய் வாங்குவது எனக்கு முதலில் என்னவோ போல இருந்தது. சாட்சியம் உண்டாக்குவதற்காகவே வாங்கும் கடன் அது. என் அப்பா இருந்திருந்தால் எனக்குப் பைத்தியம் என்றிருப்பார்.

பில்லில் இரண்டு தேதி உண்டு. பில் போடும் நாள் ஒன்று, கட்டக் கெடு இன்னொன்று. எல்லாரும் இரண்டாவதைத்தான் பார்ப்பார்கள், நானும் பார்த்தேன். எனக்கென்று ஸ்கோர் வந்த பிறகு, ஒரு மாதம் 32,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்கி, கெடுவுக்கு முன்பே முழுசாகக் கட்டியும் ஸ்கோர் சறுக்கியது. காரணம் தேடினால், வங்கி அனுப்பிய விவரத்தில் பில் போட்ட அன்றைய பாக்கி ஏறியிருந்தது. 45,000 லிமிட்டில் 32,000 என்றால் 71 சதவீதம். முப்பதுக்குள் வைத்துக்கொள் என்பது இந்தத் துறையில் எல்லாரும் சொல்வது. அதற்குப் பிறகு பெரிதாக ஏதாவது வாங்கினால் பில் போடும் தேதிக்கு முன்பே பாதிக்கு மேல் கட்டிவிடுவேன். அடுத்த மாதமே ஸ்கோர் ஏறிவிட்டது. இந்தச் சறுக்கல் நிரந்தரம் இல்லை. தாமதமாகக் கட்டியதுதான் எளிதில் அழியாது.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருவர் 'மினிமம் டியூ' கட்டுவதைக் கடன் கட்டுவதாகவே நினைத்திருந்தார். அவருக்காகக் கரும்பலகையில் போட்டேன். பாக்கி 40,000. மாத வட்டி மூன்றரை சதவீதம், 1,400. வட்டிக்கு ஜிஎஸ்டி 252. ஆக 1,652. மினிமம் டியூ 2,000 கட்டினால் அசலில் கழிவது 348 ரூபாய். அதோடு, பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பாலுக்கும் பருப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. அந்த நாற்பது, ஐம்பது நாள் சலுகை போய்விடும். எட்டாம் வகுப்புக் கூட்டு வட்டிதான். ஆனால் சொந்தப் பில்லில் யாரும் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை. மினிமம் கட்டினால் ஸ்கோர் உடனே கெடாது என்பதும் உண்மை. அதனால்தான் அவருக்கு எச்சரிக்கை மணி அடிக்கவே இல்லை.

ஆறேழு மாதத்தில் எனக்கு ஸ்கோர் பிறந்தது. 742. பரீட்சைப் பேப்பர் வாங்கிய பிள்ளை மாதிரி அதை அடிக்கடி திறந்து பார்ப்பேன் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை விவரம் அனுப்ப வேண்டும் என்று ஆனபிறகு இந்தப் பழக்கம் இன்னும் முற்றிவிட்டது. நாலு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017-இலிருந்து உள்ள விதி. மூன்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி எடுக்கிறேன். இப்போது எடுப்பது இரண்டு பேருக்கும்.

அந்த நண்பர் கடைசியில் கடனை அடைத்தார். எப்படி அடைத்தார், எங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு போனது என்பதை இங்கே எழுத வீட்டுக்காரர் அனுமதிக்கவில்லை. அடைத்த பிறகும் அறிக்கையில் அது நிலுவை என்றே நின்றது. இணையத்தில் புகார் போட்டேன். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. இழப்பீடு வரும் என்று நான் கொஞ்சம் ஆசைப்பட்டதும் உண்டு, கெடுவுக்குள் சரிசெய்துவிட்டார்கள். கணக்கு 'முடிந்தது' என்று மாறியது. 030, 060, 091 மட்டும் அதே கட்டங்களில் இருந்தன. அவை அவ்வளவு சீக்கிரம் போகாது.

வீட்டுக் கடன் என் பெயரிலேயே கிடைத்தது, எட்டரைக்கு. கிரகப்பிரவேசத்துக்கு அந்த நண்பரும் குடும்பத்தோடு வந்திருந்தார். அவரிடம் எதையும் கேட்டுவிடாதே என்று முதல்நாள் இரவே எனக்கு உத்தரவு. நான் கேட்கவில்லை. மொய் எழுத உட்கார்ந்த மாமாவிடம் நோட்டை வாங்கி அவர் பெயரை நானே எழுதினேன்: 1,001 ரூபாய். அவர் வீட்டில் அடுத்து ஒரு விசேஷம் வந்தால், தேதி தவறாமல் நாங்கள் திருப்பிச் செய்தாக வேண்டும்.