குழாய்க்குள் வராத ஸ்வரங்கள்

எண்பதுகளில் தமிழ்ச் சினிமாப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தப் பாட்டுகளை அப்போது முழுதாகக் கேட்டதே இல்லை. இதைச் சொன்னால் என் வயதுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பாளையங்கோட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தே அந்தப் பத்தாண்டுகளைக் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

ஊருக்குள் பாட்டு வந்த வழியை நினைத்துப் பாருங்கள். வேப்பமரக் கிளையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், டீக்கடை ரேடியோ, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர் வைத்த டேப் ரெக்கார்டர். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் எழும் ஒலி 41 ஹெர்ட்ஸ். நான்கு தந்திகளில் மிக மெல்லியதை அப்படி மீட்டினால் 98. குழாய் ஸ்பீக்கரோ ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் ஒழுங்காகப் பேச ஆரம்பிக்கும். எஸ்.பி.பி.யும் ஜானகியம்மாவும் பாடுவது பக்கத்து ஊர் வரை கேட்கும். பேஸ் கிட்டாரில் வாசித்ததில் மேல் அதிர்வுகளின் மிச்சம் மட்டும் டொக் டொக்கென்று ஒட்டிக்கொண்டு வரும். இளையராஜா அடியில் எழுதி வைத்திருந்த இன்னொரு மெட்டு அந்த மரத்தைத் தாண்டவில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அது என் காதில் பட்டதற்குக் காரணம் எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. ஆலயம். அங்கே பாடகர் குழுவில் பாமாலைகளை நான்கு குரலில் பாடுவோம். குரல் உடைந்த வயதில் என்னை பேஸ் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கீழ்க்குரல் பாடுகிறவனுக்கு ராகம் கிடைக்காது. ஆனால் அவன் ஒரு ஸ்வரம் தள்ளி நின்றால் மேலே போகிற ராகத்தின் முகமே மாறிவிடும். சோப்ரானோ வரிசை ஒரே ஸட்ஜத்தை அசையாமல் பிடித்திருக்கும். அடியில் நாங்கள் ஸட்ஜத்திலிருந்து நிஷாதத்துக்கும் அங்கிருந்து தைவதத்துக்கும் இறங்குவோம். நின்றுகொண்டிருக்கிற அந்த ஸட்ஜம், தான் எதுவும் செய்யாமலே, சந்தோஷத்திலிருந்து ஏக்கத்துக்குப் போய்விடும். சென்னை ஸ்டூடியோக்களில் வாசித்த எத்தனையோ பேருக்கு முதல் பள்ளிக்கூடம் இப்படி ஓர் ஆலயம்தான். ராஜாவுக்கு அந்தப் பாடம் தன்ராஜ் மாஸ்டரிடமிருந்து வந்தது. அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக மேடையேறிய ராஜா, சென்னைக்கு வந்து அவரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் படித்து, கிளாசிக்கல் கிட்டாரில் டிரினிட்டி கல்லூரித் தேர்வும் எழுதினார். நாற்று நடுகிறவர்கள் பாடும் மெட்டுக்குக் கீழே யோஹன் செபாஸ்டியன் பாஹின் கீழ்க்குரல் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது ஊரே பாடியது. எனக்கு 1980தான் திருப்பம். அந்த ஒரே வருஷத்தில் 'நிழல்கள்', 'ஜானி', 'நெஞ்சத்தைக் கிள்ளாதே', அவற்றோடு அவருடைய நூறாவது படமான 'மூடுபனி'. 'மூடுபனி'யில் பிரதாப் போத்தன் கிட்டாரை வைத்துக்கொண்டு யேசுதாஸ் குரலில் பாடுவாரே, அந்தப் பாட்டை மேடைக்குத் தயார் செய்யும்போதுதான் என் வேலை எவ்வளவு பெரியது என்று புரிந்தது. எங்களுக்கு நோட்ஸ் கிடையாது. ஸ்டூடியோவில் ராஜா கைப்பட எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து வாசித்தார்கள். நாங்கள் கேசட்டைத் தேய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும். வீட்டு டேப்பில் பேஸ் கேட்கவே கேட்காது. கேசட்டில் பாட்டுப் பதிவு செய்து தரும் கடை ஒன்றில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு இருந்தன. மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், பெட்டியின் பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பேன். எந்த அடியில் ஸ்வரம் விழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எங்கே அணைகிறது என்பதெல்லாம் பலகையின் அதிர்வில் கைக்குத் தெரிந்துவிடும். ஸ்வரம் என்ன என்பதைக் காது பிறகு தேடிக்கொள்ளும். சுருதியைக்கூட நம்ப முடியாது. ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும். பேட்டரி இறங்கிய டேப்பில் பாட்டே கால் கட்டை கீழே போயிருக்கும்.

தேடிக் கண்டுபிடித்ததில் என்ன இருந்தது? பாடகர் ஒரு ஸ்வரத்தை நீட்டி நிற்கிற இடங்களில் பேஸ் நகர்ந்துகொண்டிருந்தது. அவர் அசைகிற இடத்தில் அது நின்றது. ஒரு கார்டுக்கு அதன் ஆதார ஸ்வரத்தைப் போடுவதுதான் எல்லாரும் செய்கிற காரியம். இவர் அந்தக் கார்டின் மூன்றாவது ஸ்வரத்தைக் கீழே வைத்து, அதையே அடுத்த கார்டுக்குப் படியாக்கினார். பல்லவியின் முதல் வரியில் பேஸே இருக்காது. இரண்டாவது வரியில் வந்து அமரும்போது பாட்டு தரையில் கால் பதிக்கும். 1987இல் 'ரெட்டை வால் குருவி' வந்தது. யேசுதாஸ் பாடிய கீரவாணிப் பாட்டில் பேஸ் தனக்கென்று ஒரு முழு மெட்டையே வைத்துக்கொண்டு பாடகரோடு இணையாகப் போகிறது. பாடகரை நிறுத்திவிட்டு அதை மட்டும் வாசித்தாலும் பாட்டு இருக்கும். எம்.எஸ்.வி. பாட்டுகளை நாங்கள் ஒவ்வொரு கச்சேரியிலும் வாசித்தோம், அவர் மீது எனக்குள்ள மரியாதை குறையாது. ஆனால் பேஸ் வாசிப்பவனை இந்த அளவு நம்பி ஒரு பாட்டைக் கொடுத்தவர் தமிழில் ராஜாதான். ஸ்டூடியோவில் அதை வாசித்த சசிதரன், டிரம்ஸ் புருஷோத்தமன், கீபோர்டு விஜி மேனுவல், புல்லாங்குழல் நெப்போலியன் ஆகியோர் முகத்தை எங்கள் ஊரில் யாரும் அறியார். நாங்கள் அவர்கள் கைகளை மனப்பாடமாக அறிந்திருந்தோம்.

எங்கள் கச்சேரிகளில் பெரும்பங்கு கோயில் கொடை விழாக்கள். சித்திரையிலும் ஆடியிலும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் ஊருக்கு ஊர் கொடை. ஓரிடத்தில் வில்லுப்பாட்டு, ஓரிடத்தில் கணியான் கூத்து, காசுள்ள ஊரில் இவற்றோடு மெல்லிசையும். ஸ்டூடியோவில் வயலின்களே ஒரு கூட்டமாக உட்கார்ந்து வாசித்ததை மேடையில் எட்டுப் பேர் வாசிக்க வேண்டும். மெல்லிசைக்காரனின் தொழிலே குறைக்கத் தெரிவதுதான். 'நிழல்கள்' படத்தில் தீபன் சக்ரவர்த்தியும் உமா ரமணனும் பாடிய டூயட்டில், இடையிசையில் வயலின்கள் பல வரிசைகளாகப் பிரிந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கம்போ ஆர்கன். வாசிப்பவரின் இரண்டு கைக்கு இரண்டு வரிசை. மூன்றாவது வரிசையை நான் பேஸின் மேல் ஃப்ரெட்களுக்கு ஏறி வாசித்துவிட்டு, பாடகர் சரணத்தை எடுப்பதற்குள் கீழே இறங்கி வந்துவிட வேண்டும். எதை விட்டால் பாட்டு தாங்கும், எதை விட்டால் சரியும் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஒத்திகையில் சண்டை போட்டு முடிவு செய்வோம். கோரஸை விடலாம். வயலினைப் பாதியாக்கலாம். பேஸையும் இடையிசை முடிந்து சரணத்துக்குள் நுழைகிற அந்த டிரம்ஸ் ஃபில்லையும் மட்டும் தொடக் கூடாது. எங்கள் குழுத் தலைவர் இந்த ஒரு விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் நிலாப் பாட்டு எங்களைப் போன்ற சின்னக் குழுக்களுக்கு வரமாக வந்தது. ஸ்டூடியோவில் ஆர். சந்திரசேகர் வாசித்த அந்தக் கிட்டார் தொடங்கியதும் கொடைப் பந்தலில் விசில் பறக்கும். கிட்டார், குழல், டிரம்ஸ், பேஸ் இருந்தால் பாட்டின் உடம்பு முழுதாக வந்துவிடும்.

மைக்செட் அண்ணாச்சி ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "ஏ தம்பி, நீ வாசிக்கது ஒண்ணும் வெளியே கேக்கலியே. இவ்வளவு பெரிய பெட்டிய எதுக்குச் சுமந்துக்கிட்டு அலையுத?" அவர் சொன்னது உண்மை. என் பெட்டியின் சத்தம் மேடைக்கும் முன்வரிசைப் பாய்களுக்கும்தான். ஒரு கொடையில், பாட்டின் நடுவில் என் ஆம்பிளிஃபயரின் ஃப்யூஸ் போய்விட்டது. கூட்டத்தில் யாருக்கும் பேஸ் நின்றது தெரியவில்லை. பாடகர் மட்டும் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். சரணத்தை எடுக்க வேண்டிய இடத்தில் ஒரு கணம் தயங்கினார். தபேலாக்காரர் காலத்தை இறுக்கிப் பிடித்தார். அந்தத் தயக்கம் குழாய் வழியாக ஊருக்கே கேட்டது. பாட்டு முடிந்ததும் அண்ணாச்சி தானாகவே ஃப்யூஸ் கம்பியோடு மேடைக்கு வந்தார். அதற்குப் பிறகு பெட்டியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

சுருதி இறக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. எஸ்.பி.பி. பாடிய உயரத்தில் எல்லாரும் பாட முடியாது, "அரைக் கட்டை இறக்கிக்கலாமா?" என்பது எல்லா ஒத்திகையிலும் வரும் கேள்வி. கீபோர்டுக்காரருக்கு அது கைப்பழக்கம். எனக்கு? மூன்று கட்டைப் பாட்டு என்றால் என் தடித்த தந்தியே ஆதார ஸ்வரம், விரலே வைக்க வேண்டாம், அதுதான் அடிமட்டம். இரண்டரைக்கு இறக்கினால் அந்த ஸ்வரம் என் கிட்டாரில் இல்லை. ஒன்று, மேல் ஸ்தாயிக்கு ஏறி வாசிக்க வேண்டும், பாட்டின் கனம் போய்விடும். அல்லது நான்கு தந்திகளையும் தளர்த்த வேண்டும், அடுத்த பாட்டுக்குள் மறுபடி முறுக்க வேண்டும். நான் தளர்த்துவேன். அறிவிப்பாளரிடம் சொல்லி அந்த இடத்தில் நன்கொடையாளர்கள் பெயரை வாசிக்க வைத்து நேரம் வாங்கிக்கொள்வேன்.

1989இல் 'கரகாட்டக்காரன்' வந்த பிறகு நிலைமை தலைகீழ். துண்டுச் சீட்டில் வருகிற நேயர் விருப்பமெல்லாம் அந்தப் படம்தான். எங்களிடம் நாதஸ்வரமும் இல்லை, தவிலும் இல்லை. கொடைக்கு வந்திருந்த நையாண்டி மேளக்காரர்களையே மேடைக்கு அழைத்தோம். நாதஸ்வரத்தின் சுருதியை மாற்ற முடியாது, அதற்கு நாங்கள் அத்தனை பேரும் சேர வேண்டும். அந்த இரவுகளில் நாதஸ்வரத்துக்கு அடியில் பேஸ் வாசித்ததைப் போல ஒரு நிறைவு எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

தந்தி வாங்கக் காசு இருக்காது. பழைய தந்திகளைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்போம். விரல் அழுக்கும் வியர்வையும் கழன்று சில கச்சேரிகளுக்கு ஓசை திரும்பி வரும். அம்மா அந்தப் பாத்திரத்தை அடுப்படியில் சேர்க்க மாட்டார்.

மாற்றம் 'புன்னகை மன்ன'னிலேயே தொடங்கிவிட்டது. 1986இல் அந்தப் படத்துக்கு ராஜா கணினி சீக்வென்ஸரைப் பயன்படுத்தினார். 'அக்னி நட்சத்திர'த்தில் அந்த எந்திரத் துடிப்பு முழு வேகத்தில் வந்தது. நான் அந்தப் பாட்டுகளை ரசித்தேன், இன்றும் ரசிக்கிறேன். ஆனால் சிந்தசைசரின் பேஸை விரலால் வாசிப்பது வேறு வேலை. கீபோர்டுக்காரரின் இடது கை அதை எளிதாகச் செய்தது. தொண்ணூறுகளில் ரிதம் பேடும் கீபோர்டும் இருந்தால் கச்சேரி நடத்தலாம் என்று ஆனபோது, சம்பளப் பட்டியலில் முதலில் அடிபட்டவர்கள் எங்களைப் போன்றவர்கள். அது எனக்கு வலித்தது. ஒரு தொழில் போனது பெரிதில்லை. 'மௌன ராக'த்தின் பாட்டுகளைக்கூட இடது கையால் ஆதார ஸ்வரத்தை மட்டும் தட்டி வாசித்துக் கடந்தார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது இயர்போன் வந்து எல்லாருக்கும் அந்தக் கீழ் மெட்டு கேட்கிறது. இருபது வயதுப் பிள்ளைகள் ராஜாவின் பேஸை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வாசித்து வீடியோ போடுகிறார்கள். ஸ்வரம் ஒன்றுகூடத் தப்புவதில்லை. எங்களுக்குக் கிடைக்காத துல்லியம் அது. ஒன்று மட்டும் விட்டுப்போகிறது. ஸ்வரத்தை எங்கே அணைப்பது என்பதைப் பல பேர் கவனிப்பதில்லை. தந்தி அடங்கும் வரை ஒலிக்க விட்டுவிடுகிறார்கள். அடுத்த ஸ்வரம் வருவதற்கு முன் ராஜா விட்டு வைத்த இடைவெளி அதில் மூடிப்போகிறது. என்னிடம் கற்க வருகிறவர்களுக்கு முதலில் கிட்டாரைத் தருவதில்லை. 'ரெட்டை வால் குருவி' பாட்டின் பேஸ் வரியை வாயால் பாடச் சொல்கிறேன், பாமாலையின் கீழ்க்குரலைப் பாடுவதுபோல. எங்கே மூச்சு வாங்குகிறார்களோ அந்த இடங்களில் பென்சிலால் குறித்துக்கொள்கிறோம். கிட்டார் கைக்கு வந்த பிறகு இடது கை விரல் தந்தியை விட்டு எழ வேண்டிய இடங்கள் அவைதான். முதல் பல்லவிக்கு அந்தக் குறிகள் சரியாக விழும். சரணத்தில் வரி நீளும், மூச்சு போதாது, அங்கேதான் நிஜமான வேலை ஆரம்பிக்கிறது.