பழவேற்காடு போறீங்களா? ரூம் போடும் முன் இதைப் படிங்க!

கடந்த ஜனவரியில் அப்பா, அம்மாவைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போகத் திட்டமிட்டேன். மொபைல் ஆப்பில் ‘ஏரிக்கு மிக அருகில்’ என்று ஒரு லாட்ஜ். உடனே பணம் கட்டிவிட்டேன். போய் இறங்கிய பிறகுதான் புரிந்தது, ஏரிக்கு அருகில்தான். ஆனால், ஊர் எதிர்க்கரையில்! சாலையில் சுற்றிக்கொண்டு போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மூட்டு வலியோடு வந்த அம்மா, அன்று கோட்டையைப் பார்க்கவே இல்லை.

தவறு என்னுடையதுதான். சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இது. திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கி ஆந்திரா வரை நீள்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில்தான் இருக்கிறது. எனவே, ‘ஏரிக்கு அருகில்’ என்பதற்கு அர்த்தமே இல்லை.

முதலில் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்.

கோட்டை, கல்லறை, மீன் என்றால்...

1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் மிச்சமும், வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள் உள்ள டச்சுக் கல்லறையும் பழவேற்காடு ஊரில் இருக்கின்றன. பெரும்பாலானோர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுவார்கள். தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பொன்னேரி வசதி. மின்சார ரயிலில் இறங்கி பஸ் பிடிக்கலாம்.

பூநாரை என்றால்...

ஆந்திராவின் சூளூர்பேட்டை பக்கம் தங்குங்கள். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலை ஏரியின் நடுவே போகிறது. குளிர்கால மாதங்களில் சாலையிலிருந்தே பூநாரைகளைப் பார்க்கலாம். ராக்கெட் ஏவும் நாள்களில் மட்டும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அறை கிடைப்பது சிரமம், கடற்கரைப் பகுதிகளில் கட்டுப்பாடும் இருக்கும்.

கும்மிடிப்பூண்டி என்றால்...

இரண்டு பக்கமும் போய்வரலாம். ஆனால், இது சிப்காட் ஊர். பல அறைகளைக் கம்பெனி வேலையாக வருபவர்களே பிடித்துவிடுவார்கள். போன் செய்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

* குடும்பத்துக்குத் தனித் தளம் உண்டா?
* வாடகை 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா?
* கரன்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா?
* அறை சாலையைப் பார்த்ததா? நெடுஞ்சாலை லாரிகள் இரவெல்லாம் ஓடும்.
* லிஃப்ட் உண்டா? பெரியவர்களுக்குக் கீழ்த்தளம் கிடைக்குமா?

கடைசியாக ஒன்று. ‘போட்டிங் நாங்களே ஏற்பாடு செய்கிறோம்’ என்று யாராவது சொன்னால் மயங்காதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரிப் பகுதியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அனுமதியும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லாத படகில் ஏறவே வேண்டாம். கரையில் நின்று பார்த்தாலும் ஏரி அழகுதான்.

அடுத்த முறை பொன்னேரியில் கீழ்த்தள அறை எடுத்தேன். அம்மா கோட்டையையும் பார்த்தார், பேரம் பேசி இறாலும் வாங்கினார்!