சொல்லின் இடம்

தமிழில் சொற்களை முன்பின்னாக மாற்றினாலும் பொருள் மாறுவதில்லை. ஆகவே ஆங்கிலமே ஒழுங்குடைய மொழி எனக் கருதும் மாணவரை நான் கண்டதுண்டு. ஆங்கில வாக்கியம் அமைக்கத் தடுமாறி, தம் அறிவையே ஐயுறும் மாணவரையும் கண்டதுண்டு. இவ்விருவருக்கும் நான் எடுத்துக்காட்டுவது செக் மொழியை.

பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கியவர் விலேம் மதேசியுஸ். 1926ஆம் ஆண்டு அந்நகரில் அவர் தலைமையில் மொழியியலாளர் வட்டம் ஒன்று தோன்றியது. தம் தாய்மொழியாகிய செக் மொழியையும் தாம் கற்பித்த ஆங்கிலத்தையும் அவர் அருகருகே வைத்து ஆராய்ந்தார்.

‘பீட்டர் சீஸ் ஈவா’ என்னும் ஆங்கிலத் தொடரில் காண்பவர் பீட்டர். பெயர்களை இடம் மாற்றினால் காண்பவர் ஈவா ஆகிவிடுவார். செக் மொழியில் ‘பெத்ர் விதீ எவு’ என்றாலும் ‘எவு விதீ பெத்ர்’ என்றாலும் காண்பவர் பெத்ரே. ‘எவா’ என்னும் பெயர் ‘எவு’ எனத் திரிந்து செயப்படுபொருளைக் காட்டிவிடுகிறது. நம் ‘ஐ’ உருபு செய்யும் பணியும் இதுவே. தமிழ் இலக்கணம் வேற்றுமை எட்டு என்னும். செக் இலக்கணம் ஏழு என்னும்.

அவ்வாறாயின், சொற்களை இடம் மாற்றுவதால் பயனே இல்லையா? உண்டு. ‘க்னிஹா யே நா ஸ்தொலே’ என்றால் ‘புத்தகம் மேசைமேல் இருக்கிறது’ என்பது பொருள்; புத்தகம் எங்கே என்பதற்கு இது விடை. ‘நா ஸ்தொலே யே க்னிஹா’ என்றால் ‘மேசைமேல் புத்தகம் இருக்கிறது’ என்பது பொருள். மேசைமேல் என்ன இருக்கிறது என்பதற்கு இது விடை. கேட்பவர் அறிந்தது முன்னே வர, புதிய செய்தி இறுதியில் நிற்கிறது. தமிழில் வினை இறுதியில் நிற்பதால், புதிய செய்தி பெரும்பாலும் வினையை ஒட்டி அதற்கு முன் நிற்கிறது. ஆங்கிலமோ அறிந்த புத்தகத்தைத் ‘தி’ என்றும் புதிய புத்தகத்தை ‘எ’ என்றும் சிறுசொல் இட்டு உணர்த்துகிறது. அத்தகைய சிறுசொற்கள் செக் மொழியில் இல்லை. ஈவாவை முன்னே நிறுத்த விரும்பினால், ஆங்கிலம் ‘ஈவா இஸ் சீன் பை பீட்டர்’ எனச் செயப்பாட்டு வினையையும் நாடும்.

ஒரே தேவைக்கு வெவ்வேறு வழிகள். இதில் உயர்வு ஏது? தாழ்வு ஏது?

1939ஆம் ஆண்டு நவம்பரில், நாஜி ஜெர்மனியின் ஆட்சியில் செக் மொழிவழிப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. 1945 ஏப்ரலில் மதேசியுஸ் மறைந்தபோதும் அவை திறக்கப்படவில்லை. ஒரு மொழியின் வகுப்பறையைப் பூட்ட ஆட்சியால் இயலும். அம்மொழிக்குள் இருக்கும் ஒழுங்கை அழிக்க இயலாது. அவ்வொழுங்கைக் காணும் கண்ணையே மொழியியல் நமக்குத் தருகிறது.

மாணவர்களே, ஆங்கிலத் தொடரொன்றைத் தமிழாக்கும்போது சொல்லுக்குச் சொல் தேடுவதற்குமுன், ‘கேட்பவர் அறிந்தது எது? அவருக்குப் புதியது எது?’ என வினவிப் பாருங்கள். சொற்கள் தமக்குரிய இடத்தைத் தாமே காட்டும்.