தொட்டதால் கெட்டது என்றார்கள்

போன மாதம் சேர்மாதேவி பக்கத்தில் ஒரு ஆக்கர் கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை 400 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். மூன்று வாரம் வீட்டுத் திண்ணையில் வைத்து அதை ரிப்பேர் பார்த்தேன். வழக்கு, மனு, உண்மை அறியும் குழு என்று எழுதுகிறவன் திடீரென்று இதை ஏன் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். இதுவும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான், தோழர்களே. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1987-இல் நான் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியின் பெயர் வேண்டாம். அந்த ஆண்டு எங்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வெளிர் நிறப் பெட்டி, கறுப்புச் சாவிகள், மேல் வரிசையில் பத்துச் சிவப்புச் சாவிகள். அதற்கென்று தனி அறை, ஜன்னலுக்குத் திரை, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். கம்ப்யூட்டர் வகுப்புக்குப் பெயர் வாசித்தபோது எங்கள் தெருப் பிள்ளைகள் ஒருவர் பெயரும் இல்லை. அந்த அறையைப் பெருக்கித் துடைக்கும் பட்டியலில் மட்டும் எங்கள் பெயர் இருந்தது.

ஒரு சனிக்கிழமை துடைத்துக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. சிவப்புச் சாவிகளின் வரிசை முடியும் இடத்தில் 'பிரேக்' என்று ஒரு சாவி. அதை அமுக்கினேன். திரை அழிந்து, ஒரு சின்னச் சத்தத்தோடு திரும்ப வந்தது. அவ்வளவுதான். ஆனால் வாசலில் ஆசிரியர் நின்றிருந்தார்.

திங்கட்கிழமை அந்தக் கம்ப்யூட்டர் ஓடவில்லை. "இவன் கை பட்டுதான் போச்சு" என்றார்கள். பிரம்படி ஆறிவிட்டது. மறுநாள் அப்பாவை வரச் சொன்னதுதான் ஆறவில்லை. அப்பா கன்னடியன் கால்வாய்ப் பாசன வயல்களில் கூலி வேலை பார்த்தவர். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எவ்வளவுங்கய்யா ஆகும்?" என்று கேட்டார். அவர்கள் தொகை சொல்லவில்லை, சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நெசமாவே நீதான் கெடுத்தியாலே?"

"தெரியலப்பா" என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. கணக்கு குரூப்புக்கு மார்க் இருந்தும் பதினொன்றாம் வகுப்பில் வரலாறு குரூப்பில் சேர்ந்தேன். மெஷின் இருக்கும் எந்த அறைக்குள் போனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வது பல வருடம் என் பழக்கமாக இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் எப்படி வந்தது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் அறிவு தர மத்திய அரசு 1984-இல் 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகள். கொடுத்தது பிபிசி மைக்ரோ. பிரிட்டனில் பிபிசி நிறுவனம் மக்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க ஏகார்ன் என்ற கம்பெனியைக் கொண்டு 1981-இல் செய்த மெஷின். இங்கே மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அதை 'யூனிகார்ன்' என்ற பெயரில் தயாரித்தது. நினைவகம் 32 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம்கூட அதில் அடங்காது. ஆனால் பிள்ளைகள் தட்டித் தட்டிக் கற்றுக்கொள்வதற்கென்றே செய்த மெஷின் அது. அதைத்தான் இங்கே தொடாதே என்று பூட்டி வைத்தார்கள்.

எங்கள் ஊருக்கு இது புதிதல்ல. 1922-இல் வ.வே.சு. ஐயர் சேரன்மகாதேவியில் குருகுலம் தொடங்கினார். தமிழ்நாடு காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்தது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டது வெளியே வந்து, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து, தமிழ்நாடே கொந்தளித்தது. நூறு வருடம் ஆகிவிட்டது. அந்தச் சண்டையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும்: பந்தி ஒன்றா இரண்டா என்று சண்டை போட்டார்கள் சரி, எங்கள் தெருப் பிள்ளைக்கு இலை எங்கே?

இனி ஆக்கர் கடைக்கு வருவோம். ஓட்டை வாளிக்கும் மிக்ஸி மோட்டாருக்கும் நடுவில் அந்தச் சிவப்புச் சாவிகளைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. மூடி பழுப்பேறி, இரண்டு சாவி இல்லாமல், பின்பக்க லேபிள் பாதி கிழிந்து கிடந்தது. "போர்டு தனி ரேட்டு அண்ணாச்சி, உள்ள தங்கம் இருக்கும்லா" என்றார் கடைக்காரர். தங்கத்தை எடுக்கப் போவதில்லை என்று சொல்லி 400-க்கு முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பிளக்கில் சொருகப் போனேன். அக்கா மகள் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். ஓடி வந்து வயரைப் பிடுங்கினாள். "மாமா, முப்பது வருசம் கெடந்த சாமானுக்கு எடுத்த எடுப்புல கரண்ட் குடுத்தா உள்ளதும் போயிரும். மொதல்ல தொறங்க."

தரையில் சாக்கை விரித்து அதன் மேல் வைத்தோம். அம்பேத்கர் சிறுவயதில் வகுப்பில் உட்காரச் சொந்தமாகச் சாக்கு கொண்டுபோனதும், பள்ளியைப் பெருக்குகிறவர்கூட அந்தச் சாக்கைத் தொட மறுத்ததும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். சாக்கில் உட்காரும்போது அது நினைவுக்கு வராமல் இருக்காது.

திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு குளவிக்கூடு. பழைய பெயிண்ட் பிரஷால் மண்ணைத் தட்டி எடுத்தோம். அடுத்தது பவர் சப்ளை. இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். ரெசிஸ்டர் வைத்து அதை இறக்கி, மீட்டரில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் கை வைக்கலாம். தெரியாதவர்கள் தனியாக இதைச் செய்யவே வேண்டாம்.

மெயின்ஸ் கரண்ட் நுழையும் இடத்தில் இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் இருந்தன. மேல் ஓடு கண்ணாடியில் விழுந்த கீறல் மாதிரி வெடித்திருந்தது. பிபிசி மைக்ரோவுக்குப் பேர்போன வியாதி இது. உள்ளே இருப்பது காகிதம். விரிசல் வழியாக வருடக்கணக்கில் ஈரம் இறங்கும். ஒருநாள் கரண்ட் கொடுத்ததும் புகைந்து வெடிக்கும். அன்று நான் பிளக்கில் சொருகியிருந்தால் அதுதான் நடந்திருக்கும். ஜங்ஷன் பக்கம் ரேடியோ சாமான் கடையில் எக்ஸ்2 வகைக் கெபாசிட்டர் புதிதாக வாங்கி மாற்றினோம். பிறகு 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில் போட்டுக் கரண்ட் கொடுத்தோம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருக்கும். எங்கள் பல்பு ஒருமுறை மின்னி அடங்கியது. மீட்டர் 5 வோல்ட் காட்டியது.

போர்டை இணைத்ததும் 'பூ...' என்று நிற்காத ஒரே சத்தம். திரையில் ஒன்றுமில்லை. மருமகள் அண்ணனுக்கு 2017-இல் பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப்பில் அந்த மெஷினின் சர்வீஸ் புத்தகத்தைத் திறந்து வைத்துப் படித்தோம். அதை மானிட்டரில் இணைக்க வழியில்லாததால், அரசு கொடுத்த இலவசக் கலர் டிவியைத்தான் மானிட்டராக்கியிருந்தோம். இலவசம் வாங்கியே நாடு கெட்டது என்று பேசுகிறவர்கள் ஒருநாள் எங்கள் திண்ணைக்கு வரலாம்.

சத்தம் நிற்காவிட்டால் பிராசஸர் தன் முதல் கட்டளைகளையே படிக்கவில்லை என்று அர்த்தம். சிப்புகள் சாக்கெட்டில் சொருகியிருக்கும். சூடாகிச் சூடாகி ஆறும்போது அவை மெல்ல மேலே எழும்பிவிடும். கால்களில் களிம்பு ஏறும். ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, ஸ்பிரிட்டில் துடைத்து, திரும்பச் சொருகினோம். 28 கால் உள்ள ஒரு சிப்பில் ஒரு கால் முறிந்து கையோடு வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. 1987 திங்கட்கிழமை திரும்பி வந்ததுபோல் இருந்தது. "அதுக்கென்ன மாமா" என்று அவள் ஒரு ரெசிஸ்டரின் கம்பியை நறுக்கி, அந்த இடத்தில் ஈயம் வைத்து ஒட்டினாள். பொய்க்கால்.

மறுபடி கரண்ட் கொடுத்தோம். 'பூ' என்று தொடங்கி 'பீப்' என்று முடிந்தது. திரையில் 32கே, பேசிக் என்று இரண்டு வரி, அடியில் ஒரு சின்ன அம்புக்குறி. நான் எதுவும் பேசாமல் பிரேக் சாவியை அமுக்கினேன். திரை அழிந்து திரும்ப வந்தது. திரும்ப அமுக்கினேன். திரும்ப வந்தது. எத்தனை முறை என்று எண்ணவில்லை.

அந்தச் சாவி செய்வது ஒன்றே ஒன்றுதான்: மெஷினை முதலில் இருந்து தொடங்கச் சொல்வது. அதற்கென்றே வைத்த சாவி அது. அதை அமுக்கி எந்தக் கம்ப்யூட்டரையும் கெடுக்க முடியாது. அன்று அந்தத் திங்கட்கிழமை சிப் எழும்பியிருக்கலாம், வோல்ட்டேஜ் ஏறி இறங்கியிருக்கலாம். மூடியைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யாரும் திறந்து பார்க்கவில்லை. கெட்டதற்குக் காரணம் அவர்களிடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. தீட்டு என்ற சொல்லைச் சொல்லாமலே தீட்டைச் சொல்லும் வழி அது.

இன்று அந்த மெஷின் எங்கள் தெரு இரவுப் பாடசாலையில் இருக்கிறது. அதில் தமிழ் கிடையாது. ஆனால் எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் புள்ளி வைத்து நாமே எழுத்து உண்டாக்கலாம். கட்டம் போட்ட நோட்டில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 'ப' வரைந்தாள். ஒவ்வொரு வரிசையையும் எண்ணாக்கினோம்: மேலே 0, அடுத்த ஐந்து வரிசைக்கும் 66, அடிக்கோட்டுக்கு 126, கீழே 0. எட்டு எண்களையும் அவளே தட்டினாள். டிவியில் 'ப' வந்தது. அறையே கத்தியது.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளிகளில் ஆய்வகம் இருக்கிறதா என்று விசாரிக்கும்போது இன்னொன்றையும் விசாரியுங்கள்: அதைத் தொடுவது யார், துடைப்பது யார்? பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். மெஷின் கெட்டுப்போனால் யார் பெயரைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். முடிந்தால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அப்பா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அன்று வழியில் அவர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. இல்லப்பா, நான் கெடுக்கல.