தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் சொன்னால் பாதியிலேயே உனக்குக் கோபம் வந்துவிடும்; அதனால்தான் கடிதம். போர்ச்சுகலை ஆண்ட டினிஸ் என்ற அரசனைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க உன் நினைப்புதான்.

1279இல் பட்டத்துக்கு வந்தபோது அவனுக்கு 17 வயது. ஏறக்குறைய 46 வருஷம் ஆண்டான். 'உழவர் அரசன்' என்றுதான் இன்றும் அவனைச் சொல்கிறார்கள். தரிசைத் திருத்திக் குடிகளை அமர்த்தினான், ஊர் ஊராகச் சந்தை கூட அனுமதி கொடுத்தான், லெய்ரியாவில் பைன் காட்டை வளர்த்தான். 1290இல் லிஸ்பனில் பல்கலைக்கழகம் தொடங்கினான். 1297இல் காஸ்டீலோடு அவன் பேசி முடித்த எல்லை, பெரிய மாற்றமில்லாமல் இன்றுவரை நிற்கிறது. இத்தனைக்கும் நடுவே பாட்டும் கட்டியிருக்கிறான், 137 கிடைத்திருக்கின்றன. அம்மாவிடமும் தோழியிடமும் காதலைச் சொல்லும் பெண்ணின் குரலில் பல. யாரோ ஒரு பெண்ணின் மனசை அவ்வளவு அறிந்தவனுக்குப் பெற்ற மகனின் மனசு தெரியாமல் போயிற்றே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

ராணி இசபெல் அரகோன் நாட்டுப் பெண். சிறுமியாக வாழ வந்தவள். அவனுக்கு வேறு பெண்களிடம் பிறந்த பிள்ளைகளையும் அரண்மனையில் முகம் கோணாமல் பார்த்துக்கொண்டாள். அவர்களில் அஃபோன்சோ சான்செஸ் மேல் டினிஸுக்குத் தனிப் பிரியம். அரண்மனை நிர்வாகத்தின் தலைமைப் பதவியையே அவனிடம் கொடுத்தான். பட்டத்துக்குரிய மகன் அஃபோன்சோவுக்கு, சிம்மாசனமும் சான்செஸுக்கே போய்விடுமோ என்ற பயம் பிடித்தது. 1319 வாக்கில் கலகம் மூண்டது. நடுவில் நின்று பேசிய இசபெலையும், மகன் பக்கம் சாய்கிறாள் என்று வருமானத்தைப் பிடுங்கி அலென்கேரில் ஒதுக்கி வைத்தான் டினிஸ். அவள் அசரவில்லை. லிஸ்பனை அடுத்த அல்வலாடில் இரண்டு படையும் எதிரெதிரே நின்றபோது கோவேறு கழுதை ஏறி நடுவே போய் நின்றாளாம். அப்பனும் மகனும் ஆயுதத்தைத் தாழ்த்தினார்கள்.

1324இல் சமாதானம் ஆயிற்று. சான்செஸ் பதவியிழந்து நாட்டை விட்டுப் போனான். 1325 ஜனவரியில் டினிஸ் கண்ணை மூடினான். புதிதாகப் பட்டமேறிய மகன் முதல் வேலையாகச் சான்செஸின் சொத்தைப் பறித்தான். சான்செஸ் எல்லைக்கு அப்பாலிருந்து சண்டைக்கு வந்தான். ஆசை மகனுக்குத் தேடித் தேடிக் கொடுத்ததில் என்ன நிலைத்தது, சொல்? அதோடும் போகவில்லை. 1355இல் பட்டமேறிய அந்த அஃபோன்சோ மேலேயே அவன் மகன் பெத்ரோ வாளெடுத்தான். அப்போதும் நடுவில் போய்ச் சமாதானம் பேசியது பெத்ரோவின் தாய்தான்.

கடையைச் சின்னவன் பேருக்கு எழுதப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். உன் கடை, உன் உழைப்பு. எனக்கு அதில் உரிமை இல்லை. ஆனால் பெரியவன் போன வாரம் வந்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை, சாப்பிடாமலே எழுந்து போனான். உன் வீட்டுக்காரி இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லியே இளைத்துப்போயிருக்கிறாள். பத்திரம் பதிகிற தேதியைத் தள்ளிப் போடு. இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசு. நான் கூட இருக்கவேண்டும் என்றால் சொல், அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பி வருகிறேன்.

அன்புடன்,
அக்கா