ஆறிலிருந்து பன்னிரண்டு வரை

அமெரிக்காவில் இருக்கும் டீம் நண்பர் ஒருவர் மகனின் கல்லூரிக்காக வேறு மாநிலத்துக்கு வீடு மாறப்போவதாகச் சொன்னார். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் உள்மாநிலத்தவருக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு அதைவிடப் பல மடங்கு. பெரும்பாலான மாநிலங்களில் 12 மாதமாவது குடியிருந்ததைக் காட்ட வேண்டுமாம். "ஒரு வருஷம்தானே" என்றேன். எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. அவனுக்கு ஏழு வருஷம்.

அண்ணன் பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு சிவகாசி பக்கம் பட்டாசு ஆலைக்குப் போனவன். 2010-ல் நான் இன்ஜினியரிங் சேர்ந்தேன். அந்த வருஷம்தான் முதல் பட்டதாரிச் சலுகை வந்தது. சான்றிதழுக்காக லீவு போட்டு தாசில்தார் ஆபீஸுக்கு அலைந்தது அண்ணன்தான். வீட்டில் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது என்பது விதி. அவன் படிக்காமல் இருந்ததும் சேர்ந்துதான் என் தகுதி. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி வெடிவிபத்து. முப்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். உதவிக்கு ஓடிய ஊர்க்காரர்களும் அதில் உண்டு. அண்ணன் வேலை பார்த்தது வேறு ஆலை. ஆனாலும் அம்மா அவனை அதற்குப் பிறகு மருந்து தொட விடவில்லை. மதினியோடு பெங்களூர் போனான். அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை. பாப்பா அங்கேதான் பிறந்தாள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கும், 2021-ல் இன்ஜினியரிங் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். ஆனால் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் அதே ஆறிலிருந்து பன்னிரண்டு. அந்தத் திட்டம் தொடங்கியது 2022 செப்டம்பர் 5. முதலிப்பட்டிக்குச் சரியாகப் பத்து வருஷம்.

2024-ல் பாப்பா அஞ்சாவது முடித்தாள். அண்ணன் வீட்டைக் காலி செய்தான்.

"ஃபீஸ நான் கட்டுறேண்ணே" என்றேன்.

"ஒனக்கு நாளைக்கு ஒரு குடும்பம் வரும்ப்பா. இது அவ பேர்ல அவளுக்கு வர்றது. யாருக்கும் கடன்பட வேண்டாம்ல?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் படித்ததும் அப்படி என் பேரில் வந்த பணத்தில்தான்.

ஊரில் முதலில் பிரஸ்ஸில் கேட்டுப் பார்த்தான். தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்று சொன்னவன், மூன்றாம் மாதமே பட்டாசு ஆலைக்குப் போய்விட்டான். தெரிந்த வேலை, சனிக்கிழமை கையில் காசு. அம்மா ரெண்டு நாள் பேசவில்லை. பாப்பா மட்டும் புதுப் பள்ளியைப் பற்றி போனில் ஓயாமல் பேசினாள். தமிழ் எழுத்து இன்னும் கொஞ்சம் தடுமாறுகிறது. மதினி தினமும் ஒரு பக்கம் எழுத வைக்கிறாளாம்.

ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. 'சிவகாசி அருகே வெடிவிபத்து' என்று செய்தி வரும்போது நான் பெரும்பாலும் ஏதாவது மீட்டிங்கில் இருப்பேன். மைக்கை அணைத்துவிட்டு அண்ணனுக்கு அடிப்பேன். சுவிட்ச் ஆஃப். அப்படித்தான் இருக்கும் என்று தெரியும், ஆனாலும் அடிப்பேன். பிறகு மதினிக்கு. சாயங்காலம் அவனே கூப்பிடுவான். "அது நம்ம ஆலை இல்லப்பா" என்பான். உடனே, பாப்பா கணக்கில் எவ்வளவு வாங்கினாள் என்று ஆரம்பித்துவிடுவான்.

பாப்பா இப்போது ஏழாவது. இன்னும் அஞ்சு வருஷம் இருக்கிறது.